கட்டைவிரலுக்கு அடியில்

தன்னைத் தானே கையும் களவுமாகப் பிடிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தாதன்குளம் கிளை நூலகத்தின் நூலகர் வேலுத்தாய்க்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கிடைத்தது.

செல்போனை நீட்டியவன் உதவியாளர் சிக்கந்தர். பதினாறு வருடமாக அவளோடு வேலை பார்க்கிறவன்.

"அக்கா, இதைப் பாருங்க. பாத்துட்டு என்னையத் திட்டாதீங்க."

திரையில் வேலுத்தாய் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதே மாம்பழ நிறச் சேலை. அதே கோணல் கண்ணாடி. எதிரே சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் பாண்டிமீனா. திரையின் மூலையில் தேதி: ஜூன் 14.

"பயப்படாத மீனா. இதுக்குன்னே ஒரு பக்கத்தை வெறுமையா விட்டு வச்சிருக்கேன். ரெண்டாம் தேதின்னு போட்டுத் தர்றேன். வெளிய மூச்சு விட்றாத" என்றாள் திரையில் இருந்த வேலுத்தாய். பிறகு தடித்த சாட்சிப் புத்தகத்தை இழுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அறுபத்தோராம் பக்கத்தில் நிறுத்தி, எழுதினாள். ரப்பர் முத்திரையை எடுத்து வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஒரு தடவை ஊதிவிட்டு, ஓங்கிக் குத்தினாள்.

"ஆத்தாடி, நானேதான்!" என்றாள் வேலுத்தாய்.

அந்த 'ஹா'தான் அவளை உலுக்கிவிட்டது. முத்திரையை ஊதிக் குத்துவது அவளுடைய பழக்கம். அவளைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கிறுக்குத்தனம் கிடையாது. ஆனால் ஜூன் பதினான்காம் தேதி பாண்டிமீனா நூலகத்துக்கு வரவே இல்லை. இப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை. படத்தை இயந்திரம் செய்திருக்கிறது. செய்ததும் செய்தது, அவளையே மிஞ்சும்படி செய்திருக்கிறது.

"எத்தனை பேரு பாத்திருக்காங்க?"

"நாப்பது லட்சம்க்கா. டீ வாங்கப் போறப்ப முப்பத்தெட்டா இருந்துச்சு."

கதை கேட்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது 2043. கண்ணால் கண்டதை நம்பலாம் என்ற காலம் மலையேறிப் பல வருடம் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் எதையும் சொன்னதாக, எதையும் செய்ததாகப் படம் காட்டிவிடலாம். மாப்பிள்ளை தண்ணியடிக்கிறதாக ஒரு வீடியோ வந்து கல்யாணம் நின்றது. மகன் குரலில் போன் வந்து அம்மா நகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே அடி வாங்கியவன் வீடியோவைக் காட்டினால், "போடா, நீயே செஞ்சிருப்ப" என்றார்கள். பொய்யை உண்மை என்று நம்பியதைவிட, உண்மையைப் பொய் என்று தள்ளியதில்தான் சனங்கள் அதிகம் அழிந்தார்கள்.

அந்தக் குழப்பத்தில்தான் நூலகங்களுக்கு மறுவாழ்வு வந்தது. அதற்கு முன்னால் தாதன்குளம் நூலகத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மின்விசிறிக்காக வந்தார்கள், மீதிப்பேர் ராசிபலனுக்காக வந்தார்கள். "சனம் பூராவும் போனுக்குள்ள இருக்கு. நாமளும் உள்ள போயிருவோம்" என்று வேலுத்தாய்தான் 'தாயக்கா லைப்ரரி' என்று ஒரு சேனல் ஆரம்பித்தாள். புதிதாக வந்த புத்தகத்தைப் பிரிப்பாள், மோந்து பார்ப்பாள், நாலு வரி வாசிப்பாள், 'ஹா' என்று ஊதி முத்திரை குத்துவாள். சிக்கந்தர் படம் பிடிப்பான். துபாயிலும் டொரோண்டோவிலும் இருந்த தமிழர்கள் அந்த 'ஹா'வுக்காகவே காத்துக் கிடந்தார்கள். பதினோரு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அப்புறம், ஆறு வருடத்துக்கு முன்னால், எந்த வீடியோ எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைக்கும் சாட்சிப் பதிவு வேலையை அரசாங்கம் நூலகங்களுக்குக் கொடுத்தபோது, தாதன்குளத்தில்தான் முதல் வரிசை நின்றது.

பாண்டிமீனா அந்த வரிசைக்கு வந்தது இந்த வருடம் ஜூன் இரண்டாம் தேதி. அவள் வேலை பார்த்த சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. முதலாளியிடம் மூன்று முறை சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெடிப்பைப் படமெடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இதைப் பதிஞ்சா கோர்ட்ல எடுத்துக்குவாங்களாக்கா?"

"எடுத்துத்தான் ஆகணும். இந்தா பாரு, உன் வீடியோவுக்கு இந்த மிஷின் ஒரு நீள எண் போட்டுக் குடுக்கும். கைரேகை மாதிரி. வீடியோல ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமா மாறிப்போயிரும். அந்த எண்ணை இந்தப் புத்தகத்துல எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்துவேன். நீ கையெழுத்துப் போடுவ. அம்புட்டுத்தான்."

"பேனாவாலயா எழுதுவீங்க? இந்தக் காலத்துலயா?"

"இன்டர்நெட்ல இருக்கிற தேதியை மாத்துறதுக்குப் பத்து நிமிஷம் போதும். என் புத்தகத்துல இருக்கிற தேதியை மாத்தணும்னா என் அலமாரியை உடைக்கணும். அதுக்கு முன்னாடி என்னைய உடைக்கணும்."

ஜூன் ஒன்பதாம் தேதி தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. மூன்று பேர் செத்தார்கள். ஒருவன் பாண்டிமீனாவின் தம்பி முனீஸ்வரன். சுவர் நன்றாகத்தான் இருந்தது, குடித்துவிட்டு வந்த மூன்று பேரும் சரக்கு வண்டியைக் கொண்டுபோய் மோதி இடித்துவிட்டார்கள் என்றது பட்டறை நிர்வாகம். அதை மறுக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஜூன் இரண்டு என்று தேதியிட்ட அறுபத்தோராம் பக்கம். வேலுத்தாய் தேதியை மாற்றி எழுதுகிறவள் என்று ஊர் நம்பிவிட்டால், செத்த மூன்று பேரும் குடிகாரர்களாகவே மண்ணுக்குள் கிடப்பார்கள்.

ஊர் நம்பியது. அதுவும் எப்படி! நேற்று வரை இதயப் படம் அனுப்பியவர்கள் இன்று செருப்புப் படம் அனுப்பினார்கள். புதன்கிழமை காலை நூலகச் சுவரில் 'கள்ளத் தேதி லைப்ரரி' என்று கரியால் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை சாட்சிப் பதிவு கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இதையெல்லாம் வேலுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க முடியாதது மத்தியானம் வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் மிதுனா போன் செய்தாள்.

"அம்மா... அது நீதானாம்மா?"

கேட்டது பெற்ற மகள். வேலுத்தாய் கையால் சோறு தின்று வளர்ந்தவள். போனை வைத்துவிட்டு, அகராதிகள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அங்கேதான் யாரும் வருவதில்லை.

அழுது முடித்து வெளியே வந்தால் பாண்டிமீனா நிற்கிறாள்.

"பதினாலாந்தேதி நான் வீட்டைவிட்டே வெளிய வரலைக்கா. தம்பிக்குக் காரியம் பண்ணிக்கிட்டு இருந்தோம். ஆனா அந்த வீடியோவைப் பாத்தப்ப, ஒருவேளை வந்தேனோன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிப்போச்சு." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "முனீசு பீடிகூடக் குடிக்க மாட்டான்க்கா. அவனைப் போயி..."

"வாயை மூடு. அழுதது போதும், எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றாள் வேலுத்தாய். "சிக்கந்தர்! கதவைச் சாத்து. அந்தக் கண்றாவியைப் பெரிய திரையில போடு."

பதினெட்டு தடவை பார்த்தார்கள். கை, கண், தொண்டையைச் செருமுவது, தாளைப் புரட்டும்போது நாக்கைத் துருத்துவது, ஒன்றிலும் குறை இல்லை.

"ஆயிரத்து நூறு லைவ் போட்டிருக்கோம்க்கா" என்றான் சிக்கந்தர், தலையில் கை வைத்தபடி. "சாட்சிப் பக்கங்களையும் அன்னன்னைக்குப் படமெடுத்துப் போட்டிருக்கோம். அவங்க திருடவே இல்லை. நாமளே அள்ளிக் குடுத்திருக்கோம்."

"என்னையக் குடுத்தோம். சரி. எதைக் குடுக்கலை?"

கேட்டுவிட்டு அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பின்னாடி போ. புரட்டுற இடம். இன்னும் பின்னாடி. நிப்பாட்டு!"

திரையில் ஐம்பத்து மூன்றாம் பக்கம் விரிந்து நின்றது. எழுத்து இருந்தது, கையெழுத்து இருந்தது. இடது கீழ் மூலை வெள்ளை வெளேரென்று இருந்தது. சிக்கந்தர் வாயைப் பிளந்தான். பாண்டிமீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னக்கா அங்க? ஒண்ணுமே இல்லையே."

"அதான்டி மீனா. ஒண்ணுமே இல்லை."

நூலகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் உள்ளே வந்த அன்றே முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் முத்திரை குத்துவார்கள். அது ஊருக்குத் தெரிந்தது. அதே கையோடு நடுவில் ஒரு பக்கத்திலும் குத்துவார்கள். அது ரகசியப் பக்கம். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஓர் எண். களவு போன புத்தகத்தில் முதல் தாளையும் கடைசித் தாளையும் கிழித்துவிட்டாலும் நடுப்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணை வெளியே சொல்வதில்லை. பொறுப்பு ஒப்படைக்கும்போது மூடிய உறையில் வைத்துத் தருவார்கள். தாதன்குளத்தின் எண் ஐம்பத்து மூன்று. சாட்சிப் புத்தகங்களும் வெற்றுத் தாளாக உள்ளே வரும்போதே அந்த முத்திரையை வாங்கிக்கொள்ளும். அந்த முத்திரை மட்டும் கேமராவுக்கு வரக்கூடாது என்பது வேலுத்தாயின் சட்டம். பக்கங்களைப் படமெடுக்கும்போது இடது கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வாள். எது ரகசியம் என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லாப் பக்கத்திலும் அப்படியே வைப்பாள்.

"கட்டைவிரலுக்கு அடியில என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியலை. வெறும் தாளுன்னு நெனச்சு வெள்ளையாக்கிருச்சு!" சிக்கந்தர் குதித்தான். பிறகு சட்டென்று அடங்கினான். "ஆனா அக்கா... இதை நிரூபிக்கணும்னா எண்ணைச் சொல்லணுமே. ஊரறியச் சொல்லிட்டா, அடுத்த போலி வீடியோல ஐம்பத்து மூணுலயும் முத்திரை இருக்குமே. நம்ம சாட்சிப் புத்தகம் மொத்தம் இருபத்தேழு. எல்லாத்துக்கும் அதானே காவல்?"

"தெரியும்" என்றாள் வேலுத்தாய். சாட்சிப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாசிப்பு அறையிலேயே விசாரணை நடந்தது. விசாரணை அலுவலர் ரேணுகாதேவி கண்டிப்பானவர். மின்விசிறிச் சத்தம் தொந்தரவு என்று அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். பட்டறை தரப்பில் வழக்கறிஞர் மதிவாணன். சன்னல்களில் எல்லாம் தலைகள், தலைக்கு மேல் செல்போன்கள். ஆறு லட்சம் பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிவாணன் வீடியோவை ஓடவிட்டார். 'ஹா' வந்த இடத்தில் சன்னலில் யாரோ சிரித்தார்கள். வேலுத்தாயின் காது மடல் சிவந்தது.

"இந்தக் குரல் உங்களுடையதா அம்மா?"

"என்னுதுதான்."

"இந்தக் கை?"

"என் கைதான். அந்த மோதிரவிரல் தழும்பு வரைக்கும் சரியா இருக்கு. செஞ்சவன் கெட்டிக்காரன்."

"செஞ்சவன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்லவில்லையே?"

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். இந்த வீடியோ முழுசா உண்மைன்னு சொல்றீங்க. நடுவுல வெட்டலை, ஒட்டலை. அதுல தெரியுற புத்தகம் இந்தப் புத்தகம்தான். அப்படித்தானே?"

"சந்தேகமே வேண்டாம். ஒரு நொடிகூட வெட்டப்படாதது என்று எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறோம்."

வேலுத்தாய் பாண்டிமீனாவைப் பார்த்தாள். பிறகு சிக்கந்தரைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல. இருபத்து நான்கு வருடம் காத்த எண். இருபத்தேழு சாட்சிப் புத்தகங்களின் காவல். ஒருபக்கம் அது. மறுபக்கம் பீடிகூடக் குடிக்காத முனீஸ்வரன்.

"மேடம்" என்றாள், விசாரணை அலுவலரிடம். "தாளைப் புரட்டும்போது ஐம்பத்து மூணாம் பக்கத்துல நிப்பாட்டச் சொல்லுங்க."

நிறுத்தினார்கள். பக்க எண் தெளிவாகத் தெரிந்தது.

"இடது கீழ் மூலையில என்ன இருக்கு?"

ரேணுகாதேவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஒன்றும் இல்லை. வெறும் தாள்."

வேலுத்தாய் மேசை மேலிருந்த நிஜப் புத்தகத்தைத் திறந்தாள். கேமராவுக்கு நேராக ஐம்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிடித்தாள். சாட்சிப் பதிவு தொடங்கிய ஆறு வருடத்தில் முதல் முறையாக, மூலையிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

நீல மையில் வட்ட முத்திரை. உள்ளே நூலகம் அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த சேர்க்கை எண், ஜனவரி 11 என்று தேதி, அவள் சுருக்கொப்பம்.

"இது எங்க ரகசியப் பக்கம். புத்தகம் வெறும் தாளா வந்த அன்னைக்கே குத்துனது. ஜனவரியில இருந்து இந்த முத்திரை இங்கதான் இருக்கு. அப்ப ஜூன் பதினாலாந்தேதி எடுத்ததுன்னு சொல்ற வீடியோல இது எங்க போச்சு?"

அறையில் சலசலப்பு எழுந்தது. மதிவாணன் சளைக்கவில்லை. "ஜனவரி என்று தேதி போட்டு நேற்றுக்கூடக் குத்தியிருக்கலாமே. தேதியை மாற்றுவதில்தான் அம்மா கைதேர்ந்தவராயிற்றே!"

"அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை" என்றாள் வேலுத்தாய். "கிறிஸ்டோபர் சார் வந்திருக்காரா?"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கிறிஸ்டோபர் சன்னலிலிருந்தே கையைத் தூக்கினார். கூட்டம் அவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே விட்டது.

"இந்தப் பக்கத்துல இருக்கிறது என் கையெழுத்துதான். மார்ச் மாசம் போட்டேன்" என்றார். "என் கையெழுத்து கொஞ்சம் நீளம். கடைசிச் சுழி இந்த முத்திரை மேல ஏறிருச்சு. 'ஏம்மா நடுப்பக்கத்துல முத்திரை குத்தி இடத்தை அடைக்கிறீங்க'ன்னு கேட்டேன். 'பேசாம போட்டுட்டுப் போங்க சார்'னு என்னையவே அதட்டிட்டாங்க!"

ரேணுகாதேவி பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுழி முத்திரை மேல் ஏறிய இடத்தை உற்றுப் பார்த்தார்.

"கையெழுத்தின் மை முத்திரையின் மேல் இருக்கிறது" என்றார். "முத்திரை அடியில் இருக்கிறது. ஆகவே முத்திரை மார்ச்சுக்கு முன்பே இருந்திருக்கிறது. இந்தப் புத்தகத்தை ஜூனில் யார் படம் எடுத்திருந்தாலும் அது தெரிந்தே ஆக வேண்டும்." வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். "வெட்டப்படாத வீடியோ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? இதைச் செய்தது யார் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

மதிவாணன் உட்கார்ந்தார்.

"அறுபத்தோராம் பக்கப் பதிவு செல்லும். ஜூன் இரண்டாம் தேதியே சுவரில் வெடிப்பு இருந்திருக்கிறது" என்று ரேணுகாதேவி சொல்லி முடிப்பதற்குள் சன்னலில் விசில் பறந்தது. பாண்டிமீனா சத்தம் போட்டு அழுதாள். "என் தம்பி குடிகாரன் இல்லை! கேட்டுக்கங்க, என் தம்பி குடிகாரன் இல்லை!" என்று ஒவ்வொரு செல்போனாகப் பார்த்துச் சொன்னாள். வேலுத்தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் யாரோ கூட்டத்திலிருந்து, "தாயக்கா, ஒரு 'ஹா' போடுங்கக்கா!" என்று கத்த, ஊரே சேர்ந்து 'ஹா' என்றது. கண்டிப்பான ரேணுகாதேவியே மின்விசிறியைப் போடச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மூன்று மணிக்குள் தமிழ்நாட்டு நூலகர்கள் அத்தனை பேரும் தங்கள் சேனல்களில் ஒரே மாதிரிப் படம் போட்டார்கள்: விரித்த புத்தகம், மூலையில் ஒரு கட்டைவிரல். 'எங்க பக்கத்தைச் சொல்ல மாட்டோம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். நூலகச் சுவரில் கரியால் எழுதியவர்களோ யாரோ, அதை வெள்ளையடித்து மறைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மிதுனா போன் செய்தாள். "அம்மா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"கேட்டது தப்பில்லடி. இந்தக் காலத்துல கேக்கத்தான் வேணும். கேட்டுட்டு நேர்ல வந்து என் மூஞ்சியைப் பாக்காததுதான் தப்பு."

"பஸ்ல இருக்கேன்மா. திண்டுக்கல் தாண்டிட்டேன்."

வேலுத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெறும் வயித்தோட வராத, எதாவது சாப்பிடு" என்று போனை வைத்தாள்.

வாசலில் சாட்சிப் பதிவுக்கு வரிசை தெரு முனை வரை நின்றது. நூலகத்தின் வரலாற்றில் அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. சிக்கந்தர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு புதிய சாட்சிப் புத்தகத்தின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, செயிச்ச வீட்டுல இழவு விழுந்த மாதிரி?"

"ஐம்பத்து மூணு போச்சேக்கா. ஆறு லட்சம் பேரு பாத்துட்டாங்க. இனிமே பழைய புத்தகங்களுக்கு என்ன காவல் இருக்கு?"

வேலுத்தாய் வரிசையைப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை வருஷமா ஒரே ஒரு பக்கத்தை நம்பியா நான் தூங்குனேன்னு நெனச்ச? இன்னொண்ணு இருக்கு. வேலைக்குச் சேந்த நாள்லருந்து எல்லாப் புத்தகத்துலயும் வச்சிட்டு வர்றேன். எந்தப் பக்கம், என்ன அடையாளம்னு கேக்காத. உனக்கும் சொல்ல மாட்டேன்."

சிக்கந்தர் அவளை வெறித்துப் பார்த்தான். பிடரியைச் சொறிந்தான். தரையைப் பார்த்தான்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லட்டுமாக்கா? திட்டக்கூடாது."

"நீயுமாடா!"

"பதினாறு வருஷமாக்கா. உங்களுக்கு எதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு... சும்மா, சின்னதா ஒரு அடையாளம்."

வேலுத்தாய்க்கு வந்த சிரிப்பில் கண்ணாடி இன்னும் கோணலாகிப் போனது. வரிசையில் நின்றவர்கள் எதற்கு என்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஊரறிய 'ஹா' என்று ஊதிக் குத்தினாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ஏதோ செய்துவிட்டு, புத்தகத்தைச் சிக்கந்தரிடம் நீட்டினாள்.

அவன் அதை வாங்கிக்கொண்டு, அகராதி அலமாரிக்குப் பின்னால் போனான்.